பழைய ஆட்டங்களும் புதிய பூச்சும்

தம்புள்ளைக் குன்றின் குகைகள் ஐந்திலும் இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பாலானவை அக்குகைகள் விகாரைகளான காலத்தைச் சேர்ந்தவை அல்ல. கி. மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அவ்விகாரைகளைத் தாபித்தான் என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிசங்கமல்லன் அங்குள்ள திருவுருவங்களுக்குப் பொன்முலாம் பூசுவித்தான். பின்னர்ப் பதினெட்டாம் நூற்றாண்டிலே, கண்டியை ஆண்ட நாயக்க மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆட்சியில் (1747–1782), சுவர்களும் மேற்கூரைப் பாறையும் புதிதாகத் தீட்டப்பெற்றன. ஏறக்குறைய 2,100 சதுர மீற்றர் பரப்பில் விரியும் ஓவியங்களைக் கண்டு வியப்போர் பெரும்பாலும் கண்டிக் காலத்து ஓவியர்தம் கைவண்ணத்தையே வியக்கின்றனர். புதுவண்ணத்தின் கீழ் மறைந்த பழைய வண்ணத்தை அதனோடு ஒப்பிட்டு நோக்க அவர்க்கு வழியில்லை.

இதற்காக அவ்வோவியரைக் குறைகூறுதல் பொருந்தாது. வழிபாடு நிகழும் இடத்தில் மங்கிய உருவை மங்கியவாறே விடுதல் அடியார்க்கு ஒவ்வாது. அவர்கள்முன் இருந்த சுவரோ ஒன்றே. புதியதைத் தீட்ட வேண்டின் பழையதை மூடுவதன்றி வேறு வழி இருந்ததில்லை. ஆனால், சுவர் ஒன்றாய் இராது எண்ணற்ற பிரதிகளாய்ப் பெருகக்கூடிய ஒரு கலையிலும் இவ்வாறு மூடுதல் தகுமோ? இவ்வினாவை அண்மைக்காலத்தில் எழுப்பியிருப்பவை புதுக்கி வெளியிடப்பட்ட பழைய வீடியோ ஆட்டங்களின் தொகுதிகளாகும்.

திரையிலுள்ள சிற்றுரு ஒன்றை ஓடச்செய்து, பள்ளம் தாண்டுவித்து, ஒரு திட்டிலிருந்து மறுதிட்டுக்குப் பாயச்செய்யும் வகையினை ‘பிளாட்ஃபோம்’ ஆட்டம் என்பர். யப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். சிகெரு மியாமோட்டோவும் அவர் குழுவினரும் ஆக்கிய அவ்வாட்டம் முழுவதும் நாற்பது கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு அதைப்போற் பன்மடங்கு இடம் வேண்டும். பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் உயர்ந்த பாய்ச்சல், சிறிதே அழுத்தினாற் குறும்பாய்ச்சல், ஓடிவந்து பாய்ந்தால் நீண்ட பாய்ச்சல் என்னும் மூன்றே விதிகளிலிருந்து முப்பத்திரண்டு களங்களும் பிறந்தன. செய்யுளுக்கு யாப்பு எவ்வாறோ இவ்வாட்டத்துக்குப் பாய்ச்சல் அவ்வாறு என்க. எந்தப் பள்ளமும் பாய்ச்சலின் அளவறிந்தே தோண்டப்பட்டது. எனவே புதுக்குவோன் நிறத்தை மாற்றலாம், இசையைப் பெருக்கலாம்; பாய்ச்சலின் அளவை மயிரிழை மாற்றினும் களங்கள் யாவும் தளைதட்டும்.

இதனைப் பதிப்பாசிரியர் நன்கு அறிவர். சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் 1887இல் அச்சேற்றினர். ஏட்டிற் சிதைந்ததை ஊகித்து நிரப்புதல் எத்துணை எளிது, எத்துணைக் கேடு என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர். ஐயர் தம் பதிப்புக்களிற் பாடபேதங்களைக் குறித்துக் காட்டியமை, தாம் கொண்ட பாடமே முடிந்த முடிபு என்று படிப்போர் கருதாதிருத்தற் பொருட்டாம். ஆட்டங்களைப் புதுக்குவோரையும் இவ்வளவுகோல் கொண்டு அளத்தல் முறையாகும்.

முதலில் ஒரு சிறு திரிபு. 1993இல் நின்டெண்டோ தன் பழைய மாரியோ ஆட்டங்களை ‘சூப்பர் மாரியோ ஓல்-ஸ்டார்ஸ்’ என்ற பெயரிற் புதுநிறத்தோடு தொகுத்தது. மூல ஆட்டத்தில் மாரியோ தலையால் மோதிச் செங்கல்லை உடைத்தவுடன் கீழே தள்ளப்படுவான். தொகுதியிலோ உடைத்தபின்பும் மேலே எழுகின்றான். ஓரெழுத்துப் பிழை போன்ற இதனைப் பலர் கவனியாதுவிட்டனர். மூலத்தை மனனஞ் செய்தோர் மட்டும் கல் உடையுந்தோறும் இடறினர்.

பெரும்பூசலை விளைத்தது ‘கிராஷ் பண்டிகூட்’ தொகுதி. நோட்டி டோக் என்னும் அமெரிக்க நிறுவனம் 1996, 1997, 1998 ஆகிய ஆண்டுகளிற் படைத்த மூன்று ஆட்டங்களையும் விகாரியஸ் விஷன்ஸ் நிறுவனத்தார் அடியிலிருந்து மீள ஆக்கி, ‘என். சேன் டிரிலொஜி’ என 2017 ஜூன் 30இல் வெளியிட்டனர். அதன் நலன்கள் மறுக்கற்பாலன அல்ல. முன்பு கூர்ங்கோணங்களாய்த் தெரிந்த விலங்கின் உடலில் இப்பொழுது மயிர் அசைகின்றது. காடு காடாகவே தோன்றுகின்றது. மூன்றாம் ஆட்டத்தில் மட்டும் இருந்த நேரப்போட்டி முன்னிரண்டிலும் சேர்க்கப்பட்டது. மேலும், மிகக் கடினம் எனக் கருதி 1996இல் ஆக்கியோரே நீக்கிவிட்ட ‘ஸ்டோமி அசென்ட்’ என்னும் களம் மீட்டுத் தரப்பட்டது. காணாமற்போன ஏடொன்றைத் தேடிச் சேர்த்த பதிப்பாசிரியனுக்குரிய புகழ் இதற்கு உரியது.

எனினும், ஆடியவர் பலர் ஒரே குறையைக் கூறினர்: கிராஷ் அடிக்கடி விழுகின்றான். அதற்கு விடையிறுத்தோர், பழைய ஆட்டமும் கடினமானதே. இளமையில் எளிதாய்த் தோன்றியதை முதுமையிற் கைகள் மறந்தன என்று நகைத்தனர். இந்நகைப்பு நிலைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டோர், புதிய கிராஷ் பாய்ந்து இறங்கும் வேகம் மிகுதி என்றும், பழையவன் கால்பதித்து நின்ற விளிம்புகளிற் புதியவன் வழுக்குகின்றான் என்றும் காட்டினர். ‘ரோட் டு நோவெயர்’ என்னும் தொங்குபாலக் களத்தில் இவ்வேறுபாடு உயிரைப் பறிக்கும். நிறுவனத்தாரும் மறையாது, மூன்றாம் ஆட்டத்தின் இயக்கத்தையே மூன்றுக்கும் அடிப்படையாகக் கொண்டதாகக் கூறினர். அவர்தம் நேர்மை பாராட்டத்தக்கது, முடிவு பாராட்டத்தக்கதன்று. முதலாட்டத்தின் பாலங்கள் முதலாட்டத்தின் பாய்ச்சலை எண்ணிக் கட்டப்பட்டவை. மூன்றாண்டுகளில் ஒரு குழுவினர் தம் தொழிலிற் பெற்ற வளர்ச்சி அம்மூன்று பாய்ச்சல்களின் வேறுபாட்டிலேயே பதிந்துள்ளது. அவற்றை ஒன்றாக்குதல், ஒரே புலவரின் அகவலையும் வெண்பாவையும் விருத்தத்தையும் ஓசை பெருகட்டும் என்று விருத்தமாகவே அச்சிடுதலை ஒக்கும்.

‘ஸ்பைரோ ரிஇக்னைட்டெட் டிரிலொஜி’ இவ்வகையில் மேம்பட்டது. 2018 நவம்பர் 13இல் வெளிவந்த இதில், பழையதில் ஒருவர்போலவே தோன்றிய டிராகன்கள் பலவும் தத்தமக்கென முகமும் தொழிலும் பெற்றுள்ளன. ஸ்டுவர்ட் கோப்லண்டின் மூல இசையை வேண்டுவோர் தெரிந்துகொள்ளவும் இடமுண்டு. இதுவே பக்க அடியிற் பாடபேதம் தருதல். உரையாடலுக்கு எழுத்துவரி இன்றி முதலில் வெளிவந்தமை பெருங்குறை. செவிப்புலன் குன்றியோரும், ஆங்கிலத்தைக் காதாற் பின்தொடர இயலாத பிறமொழியாளரும் கதைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அடுத்த ஆண்டு அது திருத்தப்பட்டது.

நின்டெண்டோ 2020இல் வேறொரு வழியிற் சென்றது. 1996, 2002, 2007 ஆகிய ஆண்டுகளின் மூன்று மாரியோ ஆட்டங்களை ஏறத்தாழ உள்ளவாறே ‘சூப்பர் மாரியோ 3டி ஓல்-ஸ்டார்ஸ்’ என வெளியிட்டது. முழுவிலை பெற்றுக்கொண்டு உழைப்பைக் குறைத்தனர் என்று பலர் முறையிட்டனர். இம்முறைப்பாட்டிற் பாதியே உண்மை. தொடாது விட்டதும் ஒரு தொண்டே. அங்கும் ஒரு நுட்பம் உண்டு: ‘மாரியோ 64’க்கு மூலபாடமாகக் கொள்ளப்பட்டது 1996இன் வடிவமன்று, 1997இல் யப்பானில் வெளிவந்த திருந்திய வடிவம். பின்னோக்கிப் பாய்ந்து பெருவேகங் கொள்ளும் வழு ஒன்று அதில் இல்லை. அவ்வழுவையே ஒரு கலையாகப் பயின்றோர்க்கு இது பெரிய இழப்பு. இவற்றினும் பெரிய தவறு வேறு. 2020 செப்டெம்பர் 18இல் விற்கத் தொடங்கிய தொகுதியை 2021 மார்ச் 31உடன் நிறுத்திவிட்டனர். ஆறு மாதங்களே திறந்திருக்கும் நூலகத்தை எவர் புகழ்வார்?

சேகா நிறுவனம் இதனையும் விஞ்சியது. 1991 முதல் 1994 வரை வெளியான சொனிக் ஆட்டங்களை ‘சொனிக் ஒரிஜின்ஸ்’ எனப் புதுக்கி 2022 ஜூன் 23இல் வெளியிடுமுன், மே 20ஆம் நாள், அவற்றின் பழைய வடிவங்களிற் பலவற்றை இணையக் கடைகளிலிருந்து அகற்றியது. புதியதில் மூன்றாம் ஆட்டத்தின் சில களங்களின் இசை வேறாயிற்று. வேறாயிற்று என்பதை ஒப்பிட்டறியும் வாய்ப்பும் அதே கையாற் சுருக்கப்பட்டது. தம்புள்ளை ஓவியர்க்கு இருந்த தடை இவர்க்கு இல்லை. இவர்கள் சுவரைத் தாமே ஒன்றாக்கினர்.

பழையதைப் பேணுதல் ஏக்கம் கொண்டோரின் வீண்பொழுதுபோக்கு என்பார்க்கு ஒன்று கூறலாம். ஐக்கிய அமெரிக்காவிலுள்ள வீடியோ ஆட்ட வரலாற்று மன்றம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதமானவை இன்று கடையிற் பெறுதற்கரியன. தென்னாசியாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இங்குப் பலர் மாரியோவை அறிந்தது யப்பானியக் கருவியிலன்று, அதைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகளிலும் ஒன்றிற் பல ஆட்டங்கள் அடைத்த கசெற்றுக்களிலுமேயாம். யாழ்ப்பாணக் குடாநாடோ 1990இலிருந்து ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இன்றி இருந்தது. கிராஷும் ஸ்பைரோவும் உலகெங்கும் ஓடிய காலம் அங்குப் போர்க்காலம். அவ்வூரார்க்குப் புதுக்கிய தொகுதி நினைவை மீட்டும் பொருளன்று. முதன்முதலாகக் கைக்கு வரும் நூல். வழுக்கி விழுவதே கிராஷின் இயல்பு என்று அவர்தம் பிள்ளைகள் கொள்வராயின் பிழை அவர்மேலதன்று.

செய்ய இயலாததை விமரிசகர் கேட்கின்றனர் என்று நிறுவனங்கள் கூறுதற்கும் இடமில்லை. பரிசைச் சேர்ந்த லிசார்ட்கியூப் என்னும் சிறுகுழு, 1989இல் சேகாவின் கருவிக்கு வெளிவந்த ‘வொண்டர் போய்: த டிராகன்ஸ் டிராப்’ ஆட்டத்தை 2017இற் புதுக்கியது. அவர்கள் பழைய நிரலைப் படிப்படியாக அவிழ்த்துக் கற்று, அதன் பாய்ச்சலை மாற்றாது வைத்து, மேலே கையால் வரைந்த புதிய ஓவியத்தைப் போர்த்தினர். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் ஓவியம் அகன்று 1989இன் படம் தோன்றும். இன்னொன்றை அழுத்தினாற் பழைய இசை கேட்கும். ஆட்டத்தை இடைநிறுத்திப் பின் தொடர்தற்கு அக்காலத்திற் கடவுச்சொல் ஒன்றைத் தாளிற் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. 1989இன் ஆட்டம் தந்த கடவுச்சொல்லை அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளிற் குறித்து வைத்திருந்தவர், அதனை 2017இன் ஆட்டத்தில் இட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.