குட்டைத் துரும்பு யாருக்கு?

யாருக்கும் பிடிக்காத வேலை ஒருவர் தலையில் விழுந்தால், அவர் குட்டைத் துரும்பை உருவிவிட்டார் என்பது ஆங்கிலேயர் வழக்கு. ஒரு கைப்பிடிக்குள் சில வைக்கோல் துரும்புகள். வெளியே தெரியும் நுனிகள் எல்லாம் ஒரே மட்டம். உள்ளே ஒன்று மட்டும் குட்டை. அதை உருவியவர் வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் அவரை யாரும் குறிவைக்கவில்லை. சீட்டு யாரையும் குறிவைக்காது என்ற இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு, உயிரையே வைத்துச் சீட்டெடுத்தவர்களின் வரலாற்றில் நிறையச் சான்றுகள் உண்டு.

கப்பல் உடைந்து உணவும் தீர்ந்தால், ஒருவரைக் கொன்று மற்றவர்கள் பிழைக்கலாம். ஆனால் ஆளைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டு மாலுமிகளிடையே இது எழுதாத சட்டம். 1820 நவம்பரில் பசிபிக் கடலில் திமிங்கிலம் மோதி மூழ்கிய ‘எசெக்ஸ்’ கப்பல் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். 1821 பிப்ரவரியில் கேப்டன் ஜார்ஜ் பொல்லார்டின் படகில் எடுத்த சீட்டு, அவருடைய உறவுக்காரப் பையன் ஓவன் காஃபினுக்கே விழுந்தது. அவனைச் சுட வேண்டியவர் யார் என்பதையும் சீட்டே சொன்னது. கேப்டனின் சொந்தமும் தப்பவில்லை என்பதால், கொடுமையிலும் ஒரு நேர்மை இருந்ததாக உலகம் ஏற்றுக்கொண்டது.

மற்றக் கப்பல்களின் கதை வேறு. சட்ட வரலாற்றாசிரியர் பிரையன் சிம்ப்சன் 1984இல் வெளியிட்ட நூல், இத்தகைய சம்பவங்களைத் திரட்டித் தருகிறது. 1766 வாக்கில் அட்லாண்டிக்கில் தத்தளித்த ‘பெக்கி’யில் முதல் பலி, கப்பலில் இருந்த கறுப்பின அடிமை. சீட்டு முறையாகத்தான் எடுத்தோம் என்றார்கள் மாலுமிகள். கேப்டன் டேவிட் ஹாரிசனுக்கே அதில் சந்தேகம் இருந்தது.

1835 டிசம்பரில் புயலில் சிக்கிய ‘பிரான்சிஸ் ஸ்பெய்ட்’ என்ற மரக்கப்பலில் ஒளிவுமறைவே இல்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர்கள் என்று சொல்லி, வேலை பழக வந்த பையன்களுக்குள் மட்டும் சீட்டெடுக்கச் சொன்னார் கேப்டன். குட்டைக் குச்சி பாட்ரிக் ஓப்ரையனுக்கு வந்தது. குச்சி எடுத்ததில் கள்ளம் இருந்ததோ இல்லையோ, பெரியவர்கள் முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டபோதே பங்கு பிரிந்துவிட்டது.

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 1841இல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய ‘வில்லியம் பிரௌன்’ கப்பலின் படகிலிருந்து மாலுமிகள் பயணிகளைக் கடலில் தள்ளினார்கள். மறு ஆண்டு ஃபிலடெல்பியாவில் நடந்த வழக்கில், சமநிலையில் உள்ளவர்களிடையே சீட்டுப் போடுவதே நியாயம் என்றார் நீதிபதி பால்ட்வின். 1884இல் இங்கிலாந்து அதை ஏற்கவில்லை. மூழ்கிய ‘மின்யொனெட்’ கப்பலின் படகில் சீட்டே போடாமல் 17 வயது ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்ற டட்லி, ஸ்டீபன்ஸ் என்ற மாலுமிகள் இருவருக்கும் முதலில் மரண தண்டனை; பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. பசியும் இக்கட்டும் கொலைக்குச் சமாதானம் ஆகாது என்ற இந்தத் தீர்ப்பை இன்றும் இந்தியச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் துரும்பைப் பிடித்தது அரசாங்கத்தின் கை. வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க, 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் தொலைக்காட்சி முன் பிறந்தநாள் குலுக்கல் நடந்தது. 366 தேதிகள் 366 குப்பிகளில். தேதி வெளியே வந்த வரிசையே அழைப்பு எண். முதலில் வந்தது செப்டம்பர் 14. கடைசியில் 195ஆம் எண் வரைதான் அழைப்பு போனது. டிசம்பரின் 31 நாள்களில் 26 நாள்கள் அந்த எல்லைக்குள் சிக்கின. சதி ஏதும் இல்லை. குப்பிகளை ஜனவரி தொடங்கி மாத வரிசையில் சேர்த்தார்கள். கடைசியாக வந்த டிசம்பர் சரியாகக் கலக்கவில்லை. புள்ளியியலாளர்கள் சுட்டிக்காட்டிய பிறகு, 1970இல் தேதிகளுக்கு ஓர் உருளை, எண்களுக்கு இன்னோர் உருளை என்று முறையை மாற்றினார்கள்.

கலக்குவது சீரானாலும், யாருடைய பெயர் உள்ளே போகிறது என்ற கேள்வி மிஞ்சியது. கல்லூரியில் படிப்பவர்களுக்கு எண் எதுவானாலும் ஒத்திவைப்பு உண்டு. படிக்க வசதியில்லாதவர்களுக்கு அது இல்லை. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அந்தச் சலுகையை அமெரிக்கா நிறுத்தியது 1971இல்தான். அதற்குள் இரண்டு குலுக்கல்களின் எண்களை வைத்து ஆள் எடுத்தாகிவிட்டது.