தெருவுக்கு முதுகு காட்டிய வீடு

கவிதையை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம். ஒரு வீட்டை விமர்சிக்கலாகுமா என்று வாசகர் வினவக்கூடும். ஆகும். மனிதன் எவ்வாறு வாழவேண்டும் என்பது குறித்துக் கல்லாலும் மரத்தாலும் சொல்லப்பட்ட கருத்தே வீடு. அத்தகைய கருத்தொன்று இலங்கையில், பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்கா தோட்டத்தில் நிற்கிறது. அதைக் காணச் செல்வோர் முதலில் அறியவேண்டியது, அவ்வீடு அங்கே பிறந்ததன்று என்பதே.

அது பிறந்த ஊர் கொழும்பு. ஏனா டி சில்வா என்ற கலைஞருக்கும் அவர் கணவருக்குமாக 1960க்கும் 1962க்கும் இடையே அதை அமைத்தவர் ஜெஃப்ரி பாவா (1919–2003). வழக்கறிஞராயிருந்து, முப்பத்தெட்டாம் வயதில் கட்டடக் கலைஞரானவர் அவர். இலங்கை நாடாளுமன்றக் கட்டடமும் அவர் கைவண்ணமே. அவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அந்நாளில் கொழும்பில் வீடென்றால் மனையின் நடுவே பங்களா, சுற்றிலும் தோட்டம், தெருவை நோக்கிய சன்னல்கள் என்பதே வழக்கு. மனைகள் சுருங்கச் சுருங்க, அத்தோட்டம் எதற்கும் பயன்படாத நான்கு கீற்றுகளாயிற்று. பாவா அதைத் தலைகீழாக்கினார். சுவரை மனையின் எல்லைக்கே தள்ளினார்; தோட்டத்தை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். தெருவில் நிற்பவனுக்குத் தெரிவது சுவரும் ஓட்டுக்கூரையுமே. உள்ளே நுழைந்தவனுக்கோ பெரிய முற்றமொன்றும், அதைச் சூழ்ந்த தாழ்வாரங்களும், அவற்றுக்கப்பால் சிறு முற்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் விரியும். மரத்தூண்கள், கல் பாவிய தரை, நிழல் தரும் மரம், அதனடியே பழைய அரைகற்கள்! அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இரும்பும் கண்ணாடியும் அரிதாயிருந்த காலம் அது. அந்தக் குறையையே பாவா நிறைவாக்கினார். முற்றத்துச் சூடேறிய காற்று மேலெழ, நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அதற்குக் கண்ணாடிச் சன்னல் எதற்கு?

பாவா முற்றத்தைக் கண்டுபிடித்தார் என்பதுபோல் எழுதுவோர் உளர். அது பிழை. கண்டிப் பிரபுக்களின் பழைய வலவ்வ மாளிகைகளில் அது இருந்தது; அத்தகைய வீடொன்றையே ஏனாவும் விரும்பினார். காயல்பட்டினத்துப் பழைய வீடுகளையும், பெண்டிர் நடமாடுவதற்கென்றே அமைந்த முடுக்குகளையும் அறிந்தோர்க்கு, வெளியே அடக்கமும் உள்ளே விசாலமும் புதுமையல்ல. பாவாவின் பெருமை வேறிடத்தில் உள்ளது. மறைவு வேண்டுமென்றால் இருட்டறைதான் கதி என்றில்லை. வானத்தை விட்டுக்கொடுக்காமலே தெருவின் கண்ணிலிருந்து விலகி வாழலாம். நெருக்கமான நகரில், சிறு மனையில், இதை அவர் நிறுவிக் காட்டினார்.

2009இல் அம்மனை கைமாறியது. வீடு இடிபடும் நிலையில், பாவாவின் அறக்கட்டளையினர் அதை ஓடு ஓடாக, தூண் தூணாகக் கழற்றி, எண்ணிட்டு, லுனுகங்காவுக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர். பல்லாண்டு உழைப்பு அது, பாராட்டுக்குரியது. ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. லுனுகங்காவில் தெரு இல்லை. 1948 முதல் பாவாவே செதுக்கிய அத்தோட்டம், ஏரியையும் தொலைவிலுள்ள குன்றையும் நோக்கித் திறந்த தோட்டம். அங்கே இவ்வீட்டின் சுவர் எவரிடமிருந்து எதை மறைக்கிறது? முற்றத்தின் அளவும் ஒளியும் மழையும் வந்துசேர்ந்தன. எந்தக் கேள்விக்கு அவ்வீடு விடையாயிற்றோ, அந்தக் கேள்வி கொழும்பிலேயே தங்கிவிட்டது. விடையையாவது காத்தார்களே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

நமக்கு அந்த ஆறுதலும் இல்லை. கடலோர ஊர்களில் நம் பாட்டனார் விட்டுச்சென்ற முற்றங்களின்மேல் நாமே கான்கிரீட்டுக் கூரை வேய்கிறோம். பின்னர் பகலிலும் விளக்கேற்றி, புழுக்கத்துக்கு இயந்திரம் வாங்குகிறோம். எல்லா வீடுகளையும் காத்தல் இயலாது. குடும்பம் பெருகினால் அறையும் வேண்டும். ஆனால், முற்றத்தை மூடும் முன் அதன் நீள அகலத்தையாவது அளந்து, ஒரு தாளில் வரைந்து வைப்போம். புதுவீடு எழுப்பும் நாளில் கொத்தனார் கேட்பார்; காட்டுவதற்கு நம் கையில் ஏதேனும் இருக்கவேண்டும்.