உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை: அடிப்படைகளும் நுட்பங்களும் – கடலூர், சிதம்பரம் பின்னணியில் ஒரு மதிப்பீடு

உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை என்பது வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் (1856–1939) உருவாக்கிய பேச்சுவழிச் சிகிச்சை ஆகும். பாடநூல்கள் இதன் கோட்பாட்டையும் நுட்பத்தையும் ஒன்றாகவே கற்பிக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கோட்பாட்டின் சாரம் கடலூர் மாவட்டத்துக்கும் பொருந்துகிறது. நுட்பம் மாற்றமின்றிப் பொருந்துவதில்லை.

அடிப்படைகள்

மனத்தின் பெரும்பகுதி நனவிலியாக உள்ளது. ஏற்க முடியாத விருப்பங்களும் நினைவுகளும் அங்கு ஒடுக்கப்படுகின்றன. அவை அழிவதில்லை, கனவாகவும், வாய்தவறி வரும் சொல்லாகவும், நோய்க்குறியாகவும் திரும்புகின்றன. பேரதிர்ச்சி அடைந்தவர் அதே காட்சியைக் கனவில் மீண்டும் மீண்டும் காண்பதைப் பிராய்ட் 1920-இல் விளக்கினார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை அவர் முன் இருந்தது.

நுட்பங்கள்

1. கட்டற்ற இணைவு: மனத்தில் தோன்றுவதைத் தணிக்கையின்றிச் சொல்லுதல்.
2. கனவு விளக்கம்: கனவின் வெளித்தோற்றத்திலிருந்து அதன் உட்பொருளை அறிதல்.
3. எதிர்ப்பு: பேச்சு தடைபடும் இடங்களைக் கவனித்தல்.
4. உணர்வு மாற்றீடு: பெற்றோர் போன்றோர் மீதிருந்த உணர்வுகள் சிகிச்சையாளர் மீது திரும்புவதை ஆராய்தல்.

இந்தியாவில் எழுந்த மறுப்பு

கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு விருப்பத்துக்கும் அதற்கு எதிரான விருப்பம் ஒன்று உண்டு என்பது அவர் கொள்கை. பிராய்ட் வலியுறுத்திய சில நோய்க்குறிகள் தம் இந்திய நோயாளிகளிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை என்று அவருக்கே எழுதினார். ஆக, கோட்பாட்டையும் உள்ளூர் அனுபவத்தால் சோதிக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று.

கடலூர் காட்டும் சிக்கல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலூரின் தேவனாம்பட்டினமும் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதியும் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். உயிர் பிழைத்தவரின் கடலச்சத்தையும் கெட்ட கனவுகளையும் புரிந்துகொள்ளப் பிராய்டின் 1920 விளக்கம் உதவும்.

ஆனால் அவர் முறைப்படி வாரம் பல அமர்வுகள் நீண்ட காலம் தொடர வேண்டும். விடியுமுன் படகேறும் மீனவருக்கும் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணுக்கும் அது இயலாது. பேரிடர் முடிந்த உடனே நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்துவது தீங்காகவும் முடியலாம். அப்போது முதல் தேவை பாதுகாப்பு, உணவு, உறவினரின் அருகாமை. ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. சூழலுக்கு ஏற்ற வழி அதுவே.

இன்னொரு சிக்கல் விளிப்புமுறையில் உள்ளது. சிகிச்சையாளர் தம்மை வெளிக்காட்டாமல் இருக்க வேண்டும் என்கிறது மரபு. நம் ஊரிலோ வருபவர் முதல் நாளே ‘அக்கா’, ‘ஐயா’ என்று அழைத்துவிடுகிறார். கூடவே குடும்பமும் வருகிறது. இதைக் குறுக்கீடு என ஒதுக்குவது தவறு. உணர்வு மாற்றீடு அந்த உறவுச் சொல்லிலேயே தொடங்குகிறது. யாரை எண்ணி ‘அக்கா’ என்கிறார் என்று கவனிப்பதே இங்கு ஆய்வின் முதல் படி.

மதிப்பீடு

பிராய்டின் கருதுகோள்கள் பலவற்றைச் சோதித்து மறுக்க இயலாது என்ற குற்றச்சாட்டு வலுவானது. எனினும் இதன் வழிவந்த குறுகியகால உளஇயக்கச் சிகிச்சை, மனச்சோர்வுக்குப் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை வேண்டும், அப்போது நுட்பமும் மாற வேண்டும் என்று பிராய்டே 1918-இல் புடாபெஸ்ட் மாநாட்டில் கூறினார். 1920-இல் பெர்லினில் அத்தகைய மருத்துவமனை தொடங்கப்பட்டது.

1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் சிதம்பரத்திலேயே உள்ளன. இங்கு பயிலும் மாணவர்கள் மேற்கண்ட நான்கு நுட்பங்களையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு நிறுத்தக் கூடாது. குறுக்கிடாமல் கேட்டல், மௌனத்தைப் பொறுத்தல், அவசரப்பட்டு விளக்கம் கூறாதிருத்தல் ஆகிய மூன்றும் இம்முறை தரும் நிலையான பயிற்சி. இவற்றுக்குச் சாய்விருக்கை தேவையில்லை. கிராமச் சுகாதார நிலையத்து மரப்பலகையே போதும்.