கடத்துதிறன் பட்டியல் சொல்லாதவை

திட ஆக்சைடு எரிபொருள் கலத்தின் உயிர்நாடி, நடுவிலுள்ள பீங்கான் மின்பகுளிதான். அது ஆக்சைடு அயனிகளை விட வேண்டும். எலக்ட்ரான்களையும் வாயுக்களையும் விடக்கூடாது. யிட்ரியா கலந்த சிர்கோனியா இதை நெடுங்காலமாக நேர்மையாகச் செய்துவருகிறது. ஆனால் அதற்கு ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண எஃகு தாங்காது, அடைப்புகள் விரிசல் விடும், செலவும் ஏறும். 500 முதல் 650 டிகிரிக்குள் இயங்கும் மின்பகுளியைத் தேடுவது இதனால்தான்.

இத்தேடலில் பொருள்களைக் கடத்துதிறனைக் கொண்டே வரிசைப்படுத்தும் வழக்கம் வேரூன்றிவிட்டது. முதல் வடிகட்டியாக அது பயனுள்ளது. தீர்ப்பாகக் கொண்டால் தவறு. பட்டியலின் உச்சியில் நிற்கும் பிஸ்மத் ஆக்சைடையே பாருங்கள்: எரிபொருள் பட்டதும் ஆக்சிஜனை இழந்து உலோகமாகிவிடுகிறது. 1994இல் ஆய்வாளர் இஷிஹாரா அறிமுகப்படுத்திய லாந்தனம் காலேட் எரிபொருள், காற்று என இருபுறமும் நிலைத்து நிற்கிறது. ஆனால் மின்வாயிலுள்ள நிக்கலுடன் வினைபுரிகிறது.

கடோலினியம் கலந்த சீரியம் ஆக்சைடின் (சீரியா) கதை இன்னும் நுட்பமானது. சிர்கோனியா 800 டிகிரியில் தரும் கடத்துதிறனை இது சுமார் 600 டிகிரியிலேயே நெருங்குகிறது. குறையும் பெரிது. எரிபொருள் பக்கத்தில் நான்கு மின்னேற்றமுள்ள சீரியம் மூன்றுக்கு இறங்குகிறது. எலக்ட்ரான்கள் கசிகின்றன, மின்னழுத்தம் சரிகிறது, பீங்கானும் சற்றே உப்புகிறது. இதைக் காட்டிப் பலர் அதை ஒதுக்கினார்கள். ஆனால் கசிவு உச்சத்தில் இருப்பது மின்சாரம் எடுக்காதபோதுதான். சுமை ஏற்றினால் குறைகிறது, வெப்பநிலையை இறக்கினால் மேலும் குறைகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்டீல் நடத்திய ஆய்விலிருந்து பிறந்த செரஸ் நிறுவனம் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. துருவேறா எஃகுத் தகட்டின்மேல் மெல்லிய சீரியா அடுக்கை அமைத்து, 600 டிகிரியை ஒட்டி இயக்குகிறது. குறையுள்ள பொருளை அதன் குறை அடங்கும் சூழலில் வைத்த இந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் இடங்களில் கசிவு எரிபொருளைத் தின்னும். அங்கே இது நல்ல தேர்வல்ல.

இப்போது பார்வை பேரியம் சிர்கோனேட் வகைப் புரோட்டான் கடத்திகளின்மேல் திரும்பியிருக்கிறது. நீர் காற்றுப் பக்கத்தில் உருவாவதால் எரிபொருள் நீர்த்துப்போவதில்லை. இது உண்மையான ஆதாயம். ஆனால் இவற்றில் சிர்கோனியத்தோடு சேர்க்கும் சீரியம் மிகுந்தால் கார்பன் டை ஆக்சைடு அரிக்கிறது, சிர்கோனியம் மிகுந்தால் கெட்டிப்பட 1600 டிகிரிவரை சுட வேண்டியிருக்கிறது. காற்றுப் பக்கத்தில் இவற்றுக்கும் மின்கசிவு உண்டு. ஆகவே உச்சத் திறன் எண்ணை மட்டும் வெளியிடும் ஆய்வறிக்கைகள், சுமையில்லா மின்னழுத்தத்தையும் பகுதிச் சுமையில் கிடைக்கும் செயல்திறனையும் சேர்த்தே தர வேண்டும்.