உள்ளொளியும் ஒழுகலாறும்

ஒரு சமயத்தின் கொள்கையை அதன் நூல்களிற் காண்பது ஒரு முறை. அக்கொள்கையுடையார் கடைத்தெருவிலும் வழக்கு மன்றத்திலும் நடந்துகொள்ளுந் திறத்திற் காண்பது மற்றொரு முறை. ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) என்பாரால் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் நெறி இரண்டாம் முறையால் ஆராயத்தக்கது.

ஒவ்வொரு மனிதனுள்ளும் இறைவனது ஒளி உண்டு என்பதே அந்நெறிக்கு அடிப்படை. குருமாரும் சடங்குமின்றி, ஒருங்கிருந்து மௌனமாய் வழிபடுதல் அவர்தம் பழைய முறை. எல்லாருள்ளும் ஒளி உண்டாயின், செல்வனைப் பன்மையாலும் ஏழையை ஒருமையாலும் விளித்தல் பொருந்தாதென்று அவர் யாவரையும் 'நீ' என்றே விளித்தனர். நீதிபதி முன்னும் தொப்பியைக் கழற்றாது சிறை புகுந்தனர். இறைவனை 'நீ' என்று பாடிப் பரவி, ஊர்ப்பெரியவரைத் 'தாங்கள்' என்னுந் தமிழர்க்கு இதன் அருமை எளிதின் விளங்கும்.

என்றும் உண்மை பேசுவானுக்கு மன்றத்தில் மட்டும் தனிச் சத்தியம் எதற்கென்று அதனையும் மறுத்தனர். உறுதிமொழியே அமையுமென 1696-இல் ஆங்கிலச் சட்டம் இசைந்தது. சங்கராபுரம் போன்ற ஊர்க் கடைத்தெருக்களிற் பேரம் பேசுதல் குற்றமாகாது. குவேக்க வணிகரோ, கொள்ளக் கருதாத விலையைக் கூறுதலும் பொய்யேயென்று ஒரே விலை கூறினர்.

அற்றேல், உள்ளே தோன்றுவதெல்லாம் இறைவனது ஒளியோ, ஆணவமும் ஒளிபோலத் தோன்றாதோ எனின், தோன்றும். 1656-இல் ஜேம்ஸ் நெய்லர் என்னுங் குவேக்கர், அன்பர் போற்றிசைப்ப, இயேசுநாதர் எருசலேம் புகுந்தவாறே பிரிஸ்டல் நகர் புகுந்து, பாராளுமன்றத்தாற் கொடுந்தண்டம் பெற்றார். அதன்பின் ஒருவர் உள்ளத்தெழுந்ததைச் சபையார் கூடி ஆய்ந்துகொள்ளும் முறை வலுப்பெற்றது.

ஆயினும் சபையுந் தவறும். அடிமை வைத்தல் தகாதென்று 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் ஊரினர் சிலர் எழுதிய விண்ணப்பத்தை மேற்சபைகள் ஏற்றில. அடிமையுடையாரை விலக்கப் பிலடெல்பியா ஆண்டுச் சபை துணிந்தது 1776-இல். இடைப்பட்ட 88 ஆண்டும் ஒளி அவியவில்லை. ஊதியம் அதனை மறைத்தது. ஜான் உல்மன் (1720–1772) போன்றார் அம்மறைப்பை நீக்க உழைத்தனர். அவர் அடிமை விற்பனைப் பத்திரம் எழுத மறுத்தார். அடிமையுடையார் இல்லத்தில் தங்கினால், தமக்குப் பணிசெய்த அடிமைகட்குக் கூலி கொடுத்தார். வசைமொழியினும் அந்நடையே விருந்தளித்தார் நெஞ்சைத் தொட்டது.

தமிழ்நாட்டார்க்கு அண்மைச் சான்று மார்ஜரி சைக்ஸ் அம்மையார் (1905–1995). 1928-இல் சென்னைப் பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாய் வந்து, தமிழ் பயின்று, பின்னர்க் குவேக்கராயினார். காந்தியடிகளின் சேவாக்கிராமத்தில் ஆதாரக் கல்விப் பணியும் ஆற்றினார். ஆசிரியரும் மாணாக்கரும் கைத்தொழிலும் துப்புரவும் ஒருங்கே செய்யும் அக்கல்வி, யாவரையும் 'நீ' என்ற பழைய கொள்கையின் வேறன்று. பின்னாளில் அவர் நீலகிரிக் கோத்தகிரியில் வாழ்ந்தார்.

இவற்றால் அறியக்கிடப்பது ஒன்று. குவேக்கர் நெறி சிறந்து விளங்கியது, தன்னையுடையார் மதிப்பையும் ஊதியத்தையும் இழக்கத் துணிந்த இடங்களில். மங்கியது, இழக்க அஞ்சிய இடங்களில். உள்ளொளியென்று ஒருவர் கொண்டது அருளோ ஆணவமோ என்பதை அவர்தஞ் சொல்லால் துணிதல் அரிது. அதன்பொருட்டு அவர் விட்டது யாது என்பதனால் துணியலாம். அவ்வளவுகோல் குவேக்கர்க்கு மட்டும் உரியதன்று என்க.