ஆங்கிலத் தற்சுட்டுப் பெயர்கள்: பொருளும் பயன்பாடும்

ஆங்கில இலக்கணத்தைப் பாடசாலையிற் கற்ற எவருக்கும் தற்சுட்டுப் பெயர் பற்றிய வரைவிலக்கணம் ஒன்று நினைவிலிருக்கும். எழுவாய் செய்யும் செயல் அவ்வெழுவாயையே திரும்ப வந்தடையுமாயின், செயப்படுபொருளாக வரும் மூவிடப்பெயர் 'செல்ஃப்' என்னும் ஈற்றைப் பெறும் என்பதே அது. குடியேற்றவாட்சிக் காலப் பாடநூல்கள் முதல் இன்றைய பயிற்சி நூல்கள் வரை இக்கூற்று சொல் மாறினும் பொருள் மாறாது வழங்கிவருகின்றது. கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் சிறுமியும் கத்தியால் தன்னை வெட்டிக்கொள்ளும் சிறுவனும் அதன் நிரந்தர உதாரணங்கள். இவ்வரைவிலக்கணம் முற்றிலும் பொய்யன்று. ஆயின், ஆங்கிலத் தற்சுட்டுப் பெயரின் மையப் பொருளை அது தொடவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவனை அது வழிப்படுத்துவதிலும் பார்க்க வழிதவறச் செய்வதே மிகுதி.

சவரஞ் செய்தல், உடுத்தல், கழுவுதல் ஆகிய வினைகளை முதலில் நோக்கலாம். இவற்றிலே செயல் செய்தவனையே வந்தடைகின்றது என்பதில் ஐயமில்லை. தமிழில் 'சவரஞ் செய்துகொண்டான்', 'உடுத்திக்கொண்டான்' எனக் 'கொள்' என்னும் துணைவினை வருவது இயல்பு. வரைவிலக்கணத்தை நம்பும் மாணவன், 'கொள்' வந்த இடமெல்லாம் 'செல்ஃப்' வரும் எனக் கருதி, 'ஹி ஷேவ்ட் ஹிம்செல்ஃப்' என எழுதுகின்றான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவனோ 'ஹி ஷேவ்ட்' என்பதோடு நிறுத்திவிடுவான். மாணவனது வாக்கியம் இலக்கணப் பிழையுடையதன்று. ஆனால், அது வேறொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றது. கை முறிந்து பல வாரம் தாதியின் உதவியை நாடியிருந்த நோயாளி, இன்று தன் கையாலேயே சவரஞ் செய்தான் என்று கூற வேண்டுமாயின் அங்கே 'ஹிம்செல்ஃப்' பொருந்தும். நாள்தோறும் காலையில் நிகழும் செயலுக்கு அது மிகை.

மறுபுறத்தில், பாராட்டுதல், வெறுத்தல், குற்றஞ்சாட்டுதல் முதலிய வினைகளில் 'செல்ஃப்' இன்றியமையாதது. 'ஜோன் பிரேய்ஸ்ட் ஹிம்' என்றால் பாராட்டப்பட்டவன் ஜோன் அல்லன், வேறொருவன். இவ்விரு வகை வினைகளுக்குமிடையிலான வேறுபாட்டை ஜோன் ஹைமன் 1983இல் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். சில செயல்களை மனிதர் பெரும்பாலும் தம்மீதே செய்வர். சிலவற்றைப் பிறர்மீதே செய்வர். முன்னையவற்றை அகநோக்கு வினைகள் என்றும் பின்னையவற்றைப் புறநோக்கு வினைகள் என்றும் கொள்ளலாம். அகநோக்கு வினையில் தன்னைச் சுட்டுதல் எதிர்பார்க்கப்பட்டதே. ஆதலால் மொழி அதற்கெனத் தனிச்சொல் செலவிடுவதில்லை. புறநோக்கு வினையிலோ கேட்பவனின் எதிர்பார்ப்பு பிறரை நோக்கியிருக்கின்றது. அதனை மாற்றுவதற்கு ஒரு சொல் வேண்டும். 'செல்ஃப்' அப்பணியையே செய்கின்றது. 'வேறெவரையுமன்று, அவனையே' என்பதுதான் அதன் உட்பொருள். செயல் திரும்பி வருதல் அப்பொருளின் ஒரு விளைவேயன்றி அப்பொருளே ஆகாது.

மொழி வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. பழைய ஆங்கிலத்தில் இன்றுள்ளது போன்ற தனித் தற்சுட்டுப் பெயர் இருக்கவில்லை. 'ஹிம்', 'மீ' முதலிய சாதாரண மூவிடப்பெயர்களே தன்னைச் சுட்டவும் பிறரைச் சுட்டவும் பயன்பட்டன. 'செல்ஃப்' என்பது பெயரடை போன்று வேற்றுமை ஏற்று, எழுவாயோடும் செயப்படுபொருளோடும் ஒட்டி, அழுத்தம் தருவதற்கு மட்டுமே வந்தது. பல நூற்றாண்டுகளில் அவ்வழுத்தச் சொல் மூவிடப்பெயரோடு இணைந்து ஒரு சொல்லாயிற்று. பின்னரே தற்சுட்டுப் பணி அதற்குக் கட்டாயமாயிற்று. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் சாதாரண மூவிடப்பெயர் தற்சுட்டாக நிற்கும் இடங்கள் உள்ளன. அமெரிக்காவின் தென்பகுதிப் பேச்சுவழக்கில் 'எனக்கொன்று வாங்குவேன்' என்னும் பொருளில் வெறும் 'மீ' வருவதும் இவ்வழக்கையே நினைவூட்டுகின்றது. 'மைசெல்ஃப்' என்பதில் உடைமைப் பெயரும் 'ஹிம்செல்ஃப்' என்பதில் செயப்படுபொருட் பெயரும் முன்னிற்கும் ஒழுங்கின்மை மாணவருக்குப் பெருந்தொல்லை. வழக்கின் வரலாறே அதற்குக் காரணம். விதி தேடிப் பயனில்லை. பல வட்டார வழக்குகள் 'ஹிஸ்செல்ஃப்' எனத் தாமே அதனைத் திருத்திக்கொண்டுள்ளன. பேசுவோர் சில வேளைகளில் இலக்கண ஆசிரியரினும் ஒழுங்கானவர்கள்.

இவ்விளக்கத்துக்கும் அடங்காத வினைகள் சில உண்டு. பொய்ச்சத்தியம் செய்தலைக் குறிக்கும் 'பேர்ஜர்', பெருமை கொள்ளுதலைக் குறிக்கும் 'பிறைட்' ஆகியன தற்சுட்டுப் பெயரின்றி வருவதில்லை. ஒருவன் பிறனொருவனை 'பேர்ஜர்' செய்ய முடியாது. எனவே 'வேறெவரையுமன்று' என்னும் எதிர்நிலைக்கு அங்கு இடமில்லை. இவ்வினைகளிலே தற்சுட்டுப் பெயர் பொருள் தேய்ந்து வினையின் உறுப்பாகவே நிற்கின்றது எனக் கொள்வதே பொருத்தமானது. செயல் திரும்பி வருதல் என்னும் பழைய வரைவிலக்கணமும் இவ்விடத்தில் உதவாது. இங்கு செல்வதுமில்லை, திரும்புவதுமில்லை.

தமிழ் மாணவன் மிகுதியும் இடறும் இடம் தொடர்வாக்கியமாகும். 'தன்னை எவரும் விரும்பவில்லை என்று கமலா நினைத்தாள்' என்னும் தமிழ் வாக்கியத்தில் 'தன்னை' என்பது கமலாவையே குறிக்கும். 'அவளை' என மாற்றினால் வேறொருத்தி என்னும் எண்ணம் எழ இடமுண்டு. இதனை ஆங்கிலத்தில் எழுதுங்கால் அவ்விடத்தில் 'ஹேர்' வரவேண்டும், 'ஹேர்செல்ஃப்' வரலாகாது. ஆங்கிலத் தற்சுட்டுப் பெயர் பொதுவாகத் தன் சொந்த வாக்கியக் கூற்றினுள்ளேயே தன் முற்பெயரைத் தேடும். தமிழின் 'தான்' அவ்வெல்லையைத் தாண்டி, நினைத்தவரையும் சொன்னவரையும் நாடிச் செல்லும். அன்றியும், தனிவாக்கியமொன்றில் 'கண்ணன் தன்னைப் புகழ்ந்தான்' என்பதிலும் பார்க்க 'தன்னைப் புகழ்ந்துகொண்டான்' என்பதே தமிழில் இயல்பாக ஒலிக்கின்றது. ஆகவே 'தான்' வேறு, 'செல்ஃப்' வேறு. இரண்டையும் ஒரே பெயரால் வழங்கி, ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாக எழுதும் அகராதி வழக்கமே மாணவனின் பிழைக்கு ஊற்றுக்கண். அவனது விடைத்தாளிற் சிவப்பு மையால் அடிக்கோடிடும் ஆசிரியர், அவன் தன் தாய்மொழியின் விதியொன்றை மிகச் சரியாகவே பின்பற்றியுள்ளான் என்பதை உணர்ந்தால், திருத்தும் முறையும் வேறாகும்.

மேற்கூறிய எல்லையை 1981இல் வெளிவந்த நூலில் சொம்ஸ்கி ஒரு பொதுக் கோட்பாடாக வகுத்தார். அதற்கு முன் 1963இல் லீஸ், கிளைமா ஆகிய இருவரும் இதனை மாற்றிலக்கண விதியாக எழுத முயன்றிருந்தனர். பாடநூல் வரைவிலக்கணத்திலும் பார்க்க இவை பன்மடங்கு நுட்பமானவை என்பதில் ஐயமில்லை. எனினும், வாக்கிய அமைப்பை மட்டும் கொண்டு யாவற்றையும் விளக்கிவிடலாம் என்னும் நம்பிக்கை இங்கு முழுமையாக நிறைவேறவில்லை. இடத்தைக் குறிக்கும் முன்னிடைச் சொற்களின் பின், ஒரே வாக்கியக் கூற்றினுள்ளும், ஆங்கிலம் சாதாரண மூவிடப்பெயரை ஏற்கின்றது. ஒருவன் நூலைத் தன்னருகே வைத்தான் என்பதற்கு 'பிசைட் ஹிம்' என்பதே இயல்பு. 'பிசைட் ஹிம்செல்ஃப்' என்னும் தொடரோ சினத்தாலோ துயராலோ தன்னிலை மறந்தவனைக் குறிக்கும் மரபுத்தொடராகிவிட்டது.

அமைப்பு விதியை மீறி மறுபக்கமாகச் செல்லும் வழக்கு இன்னும் சுவையானது. 1970இல் ரொஸ், 'என்னைப் போன்ற பௌதிகவியலாளர்' என்னும் பொருளுடைய தொடரில், எழுவாயாகத் தன்மைப் பெயர் இல்லாதவிடத்தும் 'மைசெல்ஃப்' வருவதைச் சுட்டிக்காட்டினார். 1989இல் ஆன் ஸ்ரிபி-ஹேட்ஸ் ஆங்கில நாவல்களிலிருந்து இத்தகைய வாக்கியங்கள் பலவற்றைத் திரட்டி, முற்பெயர் அருகில் இல்லாத தற்சுட்டுப் பெயர், எவருடைய நோக்குநிலையிலிருந்து கதை சொல்லப்படுகின்றதோ அவரைச் சுட்டும் என நிறுவினார். 1995இல் பேக்கர், ஜேன் ஒஸ்ரினின் நாவல்களை முதன்மையாகக் கொண்டு, இவை அழுத்தப் பெயர்களே என்றும், எதிர்நிலையும் உரையில் முதன்மை பெற்றிருத்தலும் இவற்றுக்கு வேண்டும் நிபந்தனைகள் என்றும் வாதிட்டார். பேக்கரின் கருத்தே வலிமை வாய்ந்ததாகத் தோன்றுகின்றது. பழைய ஆங்கிலத்தில் 'செல்ஃப்' செய்த தொழிலை ஒஸ்ரினின் உரைநடையிலும் அது கைவிடவில்லை என்பது அதனாற் புலனாகின்றது.

இலக்கிய மாணவருக்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. பாத்திரத்தின் மனத்தைக் கதைசொல்லியின் குரலிலேயே, மேற்கோட் குறியின்றி எடுத்துரைப்பதில் ஒஸ்ரின் வல்லவர். 1815இன் இறுதியில் வெளிவந்த 'எம்மா' அதற்குச் சிறந்த சான்று. அத்தகைய உரைநடையில், சாதாரண 'ஹேர்' வரக்கூடிய இடத்தில் 'ஹேர்செல்ஃப்' வருமாயின், வாசகன் அப்பெண்ணை வெளியிலிருந்து பார்ப்பதை விடுத்து அவளது மனத்துள்ளிருந்து பிறரைப் பார்க்கத் தொடங்குகின்றான். அவளும் மற்றவர்களும் என்னும் பிரிவு, அவள் போட்ட பிரிவாக அமைந்துவிடுகின்றது. நாவலாசிரியரின் அங்கதம் பெரும்பாலும் அப்பிரிவிலேதான் தங்கியிருக்கின்றது.

ஏனைய வழக்குகளுள் சிலவற்றைக் குறிப்பிடல் போதும். 'யூ' என்பதில் ஒருமை பன்மை வேறுபாட்டை இழந்த பொது ஆங்கிலம், 'யுவர்செல்ஃப்', 'யுவர்செல்வ்ஸ்' என்பவற்றில் அதனைப் பேணுகின்றது. பால் குறியாத ஒருமைக்கு 'தெம்செல்ஃப்' என்னும் பழைய வடிவம் மீண்டும் வழக்கேறி வருகின்றது. அயர்லாந்து ஆங்கிலத்தில் 'ஹிம்செல்ஃப்' தனித்து எழுவாயாகி வீட்டுத் தலைவரைக் குறிக்கும்; எல்லார்க்கும் மேலாக அவரையே என்னும் அழுத்தம் அங்கு வெளிப்படை. அலுவலகக் கடிதங்களில் 'மீ' என எழுத அஞ்சி 'மைசெல்ஃப்' என எழுதும் வழக்கம் இங்கிலாந்திலும் இந்நாட்டிலும் ஒருங்கே காணப்படுவது. பணிவு கருதி எழுதப்படும் அச்சொல், தன்னையே தனித்துக் காட்டும் சொல்லாக இருப்பதை அவ்வாறு எழுதுவோர் கருதுவதில்லை.

ஆங்கில நாவலைத் தமிழாக்குவோர் எதிர்நோக்கும் சிக்கலும் இங்கேயே உள்ளது. 'ஹேர்செல்ஃப்' வந்த இடத்தில் 'தன்னை' என்றும் 'ஹேர்' வந்த இடத்தில் 'அவளை' என்றும் சொல்லுக்குச் சொல் இட்டால், இரு மொழிகளின் எல்லைகளும் ஒன்றல்ல ஆதலின், நோக்குநிலை இடம் மாறிவிடும். ஆங்கிலத்தில் வெறும் 'ஹேர்' நின்ற எத்தனையோ இடங்களில் தமிழ் 'தன்னை' என்றே கேட்கும்; அப்போது மூலத்தில் அரிதாக வந்த 'ஹேர்செல்ஃப்' தமிழில் மற்றவற்றோடு கலந்து மறைந்துபோகும். அதனைக் காக்க விரும்பும் மொழிபெயர்ப்பாளர் 'தன்னையே' என்னும் ஏகாரத்தையோ, 'தான் ஒருத்தி' போன்றதொரு தொடரையோ நாட வேண்டியிருக்கும். எந்த இடத்தில் எதனை நாடுவது என்பதை அகராதி சொல்லாது; அவ்விடத்தில் யாருடைய கண்கள் பார்க்கின்றன என்று மூலத்தை மீண்டும் வாசித்தே துணிய வேண்டும்.