இலக்கு சார்ந்த ஆங்கில வினைகளும் தமிழ் நிகரன்களும்: அயோத்தியாப்பட்டணம் வழக்கை முன்வைத்து

குறிக்கோளை நிறைவேற்றுவதைச் சுட்ட ஆங்கிலத்தில் ‘அச்சீவ்’, ‘அட்டெய்ன்’, ‘அகாம்ப்ளிஷ்’, ‘ரீச்’ என வினைகள் பல உள. மாணவர் கையில் புழங்கும் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் இவையனைத்திற்கும் ‘அடை’ என்னும் ஒரே நிகரனைத் தந்து அமைகின்றன. இது பொருந்துமா என்பதைச் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தின் வழக்கைத் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

‘அடை’ நன்மை தீமை பாராத வினை. வெற்றி அடைதல், தோல்வி அடைதல், ஏமாற்றம் அடைதல் ஆகிய மூன்றும் தமிழில் இயல்பானவை. ‘எய்து’ என்பதும் அத்தகையதே. புகழையும் எய்தலாம், மரணத்தையும் எய்தலாம். ‘அச்சீவ்’ அவ்வாறன்று. அது முயற்சியையும் விரும்பிய பயனையும் வேண்டி நிற்பது. தோல்வியை ‘அச்சீவ்’ செய்தான் என்று எழுதினால் ஆங்கிலத்தில் அது எள்ளலாகவே படும். பட்டியலை நம்பி மனப்பாடம் செய்த முதல் தலைமுறை மாணவர் அவ்வாறு எழுதும்போது மதிப்பெண் இழப்பவர் அவர், பிழையோ பட்டியலினுடையது.

‘அட்டெய்ன்’ வயது, பருவம், நிலை ஆகியவற்றை ஏற்கும், முயற்சி கட்டாயமன்று. பெண் பூப்பெய்துவதைக் குறிக்கத் தமிழகத்தில் வழங்கும் ‘ஏஜ் அட்டெண்ட்’ என்னும் பேச்சுவழக்கு இங்குக் கருதத்தக்கது. பலருக்கும் முன்னரே பழகிய ‘அட்டெண்ட்’ என்பதன் ஒலியில் ‘அட்டெய்ன்’ கலந்துவிட்டது. கற்றோர் இதனை நகைப்பர். எனினும் ஒலி திரிந்ததேயன்றிச் சொல்தேர்வு பிழைக்கவில்லை. பூப்பினை எவரும் ‘அச்சீவ்’ செய்ததாகக் கூறுவதில்லை. இவ்வகையில் பேசுவோர் பட்டியலாசிரியரினும் நுட்பமானவர்.

‘சாதித்தல்’ இன்னும் விரிந்த பரப்புடையது. அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில் போன்ற வைணவத் தலங்களில் சடாரி சாதித்தல், தீர்த்தம் சாதித்தல் என்பன மரபுவழக்கு. அங்கு அதன் பொருள் வழங்குதல், அருளுதல். தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் தனியார் பள்ளிகளின் பதாகைகளில் ‘சாதனை மாணவர்கள்’ இடம்பெறுவர். வீட்டிலோ, ‘எடுக்கவே இல்லை என்று சாதிக்கிறான்’ என்றால் அது பிடிவாதம். பின்னிரண்டையும் இணைப்பது விடாப்பிடி என்னும் பொருட்கூறு. ‘அச்சீவ்’ என்பதற்கு மிக நெருங்கிய தமிழ்வினை இதுவே எனலாம். ஆயினும் சிறு செயலுக்கு இது பொருந்தாது. மாத வசூலை முடித்த நிதிநிறுவன ஊழியர் ‘டார்கெட்டை முடித்தார்’ எனப்படுவாரேயன்றிச் ‘சாதித்தார்’ எனப்படுவதில்லை.

இடையே ஒரு செய்தி. ‘அச்சீவ்’ பழைய பிரெஞ்சில் ‘தலை’ எனப் பொருள்படும் சொல்லை அடியாகக் கொண்டு, முடிவுக்குக் கொணர்தலைக் குறித்தது. வைணவ உரைகளில் பயிலும் ‘தலைக்கட்டுதல்’ என்பதும் அவ்வாறே முடித்தலைக் குறிக்கும். இன்று அவ்வினை வழக்கொழிந்தது; ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பவாரியாகத் தண்டும் ‘தலைக்கட்டு வரி’யில் அதன் வடிவத்தை ஒத்த பெயர்ச்சொல் வேறு பொருளில் வாழ்கிறது. வடிவொற்றுமை கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

‘டார்கெட்’ என்பதற்கு ஆட்சித்தமிழ் இரண்டு சொற்களை ஆள்கிறது. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளி விற்பனை பற்றிய மாவட்ட நிர்வாகச் செய்திக்குறிப்புகளில் ‘இலக்கு’ வருவதோடு, ‘விற்பனைக் குறியீடு’ என்பதும் வரும். மொழியியல் பயின்றோர்க்குக் குறியீடு என்பது வேறொன்று. ‘குறி’ என்பதே போதியதாயிருக்க, ஈறு சேர்த்துப் பொருளை மயக்கியது தேவையற்றது என்பது என் கருத்து. ‘குறிக்கோள்’ அப்பர் தேவாரத்திலேயே பயின்ற சொல். ஆனால் அது வாழ்க்கை நோக்கத்துக்கு உரியது, ரூபாய்க் கணக்கைத் தாங்காது.

1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களுடன் பொருள் தந்தது. கல்லூரிச் சொற்பட்டியல்கள் அம்முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு வினையும் எப்பெயர்களை ஏற்கும், எவற்றை ஏற்காது என்பதையும் உடன்தருதல் வேண்டும். ‘அச்சீவ்’ என்பதன் எதிரில் ‘தோல்வியை ஏற்காது’ என்னும் ஒரு குறிப்பு அதற்குத் தொடக்கமாகலாம்.